முப்பத்திரண்டு வாரம்

என் அம்மா ஆரோக்கியமேரி தன் ஐம்பத்தாறாவது வயதில், கர்ப்பப்பையை எடுத்துப் பத்தொன்பது வருஷம் கழித்து, எட்டு மாதக் கர்ப்பிணி என்று ஹைதராபாத்தில் ஒரு மருத்துவமனையில் பதிவானாள். பதிவு செய்தவன் நான்தான். அப்படிப் பதிவு செய்வதைத் தவிர வேறு வழியே இல்லாமல் செய்து வைத்தவனும் நான்தான். அந்த இரண்டாவது விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

மருத்துவமனையின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதுவும் மூன்று பிரதிகளில் வரும். கச்சிபௌலி பக்கம், ஏழு மாடி, முழுக்கக் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் நிறையத் தரச் சான்றிதழ்கள். தீயணைப்புக் கருவி எங்கே என்று கேட்டால் ஊழியர்கள் யோசிப்பார்கள். சான்றிதழ் எத்தனை என்று கேட்டால் டக்கென்று பதினேழு என்பார்கள். என் கம்பெனி இன்ஷூரன்ஸ் அங்கேதான் செல்லும் என்பதால் அங்கே போனோம்.

அது 2012 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்த அம்மா மத்தியானம் சாப்பிடவில்லை. வயிற்றை முறுக்கி முறுக்கி வலிக்கிறது என்றாள். சாயங்காலம் வாந்தி. மறுநாள் காலையில் அதுவே பச்சையாக வந்தது. வயிறு வீங்கிவிட்டது. அப்பா லாலாகூடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆகிப் போய்ச் சேர்ந்தபிறகு, நான்கு வருஷமாக அம்மா என்னோடு கொண்டாப்பூரில் இருந்தாள். முப்பது வருஷம் ரயில்வே காலனியில் குப்பை கொட்டியவள். அவள் பேச்சில் தமிழும் உருதுவும் தெலுங்கும் ஒரே பெட்டியில் பிரயாணம் செய்யும்.

"ஆஸ்பத்திரி நக்கோடா சுனிலு, வேணாம். ஓமத்தண்ணி குடிச்சா வாயு பிரிஞ்சிரும்."

"பிரிஞ்சுதா?"

"இல்ல. நேத்துலேர்ந்து ஒண்ணும் போகல. காத்துகூட போகல."

ஒன்பது நாற்பதுக்கு அவசரப் பிரிவில் இருந்தோம். அங்கே எங்களுக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம், ட்யூட்டி டாக்டர் சபீனா. மேலப்பாளையத்துக்காரர், முப்பது வயதிருக்கும். அம்மாவின் புடவையை விலக்கி வயிற்றைப் பார்த்தவர், தொப்புளுக்குக் கீழே நீளமாக ஓடிய பழைய தழும்பில் விரலை வைத்தார்.

"இது என்ன ஆப்பரேஷன்மா?"

"கர்ப்பப்பை எடுத்தது. தொண்ணூத்தி மூணுல. ரயில்வே ஆஸ்பத்திரி. இவன் ஒருத்தன்தான் பொறந்தான். பொண்ணு ஒண்ணு வேணும்னு கெடந்தேன், கட்டி வந்து மொத்தமா எடுத்துட்டாங்க."

சபீனா என்னைத் தனியே கூப்பிட்டார். "வயித்துல பழைய ஆப்பரேஷன் இருந்தா உள்ள குடல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். ஒட்டுன எடத்துல முறுக்கி அடைச்சிருக்குன்னு நெனைக்கேன். எக்ஸ்ரேல தெளிவா தெரியல. சி.டி. ஸ்கேன் மெஷின் ரிப்பேரு, பார்ட்ஸ் நாச்சாரத்துலேர்ந்து வரணுமாம். ஆனா கவலப்படாதிய, இங்கயே சின்ன ஸ்கேன் மெஷின் இருக்கு. வயித்து மேல வெச்சா ரெண்டே நிமிஷம். குடல் வீங்கிருக்கா, உள்ள இருக்கது முன்னுக்குப் போகுதா இல்ல முட்டிட்டுத் திரும்புதான்னு கண்ணால பாத்துரலாம். படம் இருந்தா சர்ஜன் ஒடனே வந்துருவாரு."

"படம் இல்லன்னா?"

"படம் இல்லாம கத்தியத் தொடமாட்டேன்னுட்டாரு. இப்பதான் ஃபோன்ல கேட்டேன்."

அம்மாவுக்கு டிரிப்ஸ் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்ததை இறக்கினார்கள். குழாயோடு அம்மா என்னைப் பார்த்து, யானை மாதிரி இருக்கேனா என்று கேட்டாள். ஹவ், ஆமாம் என்றேன். சிரித்தாள். அந்த நேரத்தில் எனக்குப் பெரிய பயம் இல்லை. இரண்டு நிமிஷ வேலை, மெஷின் எட்டடி தூரத்தில் நிற்கிறது, என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

எட்டடி தூரத்தில் நின்றது வாஸ்தவம். கண்ணாடி பீரோவுக்குள் நின்றது. தலையில் போன வருஷ ஆயுத பூஜையின் காய்ந்த மாலை, நெற்றியில் சந்தனம் குங்குமம். தள்ளிக்கொண்டு போவதற்காகக் கம்பெனிக்காரன் கொடுத்த நான்கு சக்கரங்களையும் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். பீரோவின் மேல் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் ஒரு பலகை: கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே கேட்காதீர்கள், நாங்கள் சொல்லமாட்டோம்.

சட்டம் நல்ல சட்டம். பெண் குழந்தை என்று தெரிந்தால் வயிற்றிலேயே அழிக்கிற சண்டாளர்களுக்காகப் போட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அது கர்ப்பிணிகளுக்கான சட்டம் என்பதைத்தான் அங்கே ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பீரோவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி இர்பானிடம் இருந்தது. அவர் வேலையின் பெயரே சாவிப் பொறுப்பாளர். இடுப்பில் சாவி, கையில் ஒரு நோட்டு. பூட்டைத் தொட்டால் எழுத வேண்டும், தொடாவிட்டால் தொடவில்லை என்று மணிக்கொரு தரம் எழுத வேண்டும்.

"கைக்கு பேட்டா, எதுக்கு ஒரு மெஷினுக்கு இத்தன பூட்டு?" என்று அம்மா படுத்தபடியே கேட்டாள்.

"ஹவ் அம்மா, என்ன பண்றது. ரெண்டாவது சாவி குவாலிட்டி சார்கிட்ட இருக்கு. அவரு மீட்டிங்ல இருக்காரு." இர்பானின் அம்மா குடியாத்தம் பக்கம். அவருக்கு எங்கள் தமிழ் நன்றாகவே வந்தது.

"என்ன மீட்டிங்?" என்றேன்.

நோட்டைப் பார்த்துச் சொன்னார். "அவசர சிகிச்சையில் தாமதத்தைத் தவிர்ப்பது எப்படி. பன்னெண்டர வரைக்கும்."

அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று சபீனா அம்மாவை ஏழாம் நம்பர் படுக்கைக்கு மாற்றச் சொன்னார். இது படுக்கையருகு ஸ்கேன் மெஷின். எந்தப் படுக்கை என்று மெஷினைப் பதிவு செய்யும் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்ததாம். யாரோ ஏழு என்று எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அது ஏழாம் நம்பர் படுக்கையை விட்டு நகரக்கூடாது என்று மருத்துவமனை தனக்குத் தானே விதி போட்டுக்கொண்டது. மெஷின் நோயாளியிடம் போகாது. நோயாளிதான் ஏழுக்குப் போகவேண்டும்.

ஏழில் ஒருவர் படுத்திருந்தார். கழுத்து வரை போர்வை. கிட்டப் போய்ப் பார்த்தேன். ரப்பர் பொம்மை.

ஆய்வுக்குழு வந்தால் செய்து காட்டுவதற்காக வாங்கிய பொம்மை அது. இதுவரை அந்த மெஷினில் பதினோரு ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள், அதில் ஒன்பது இவருக்கு. படுக்கை காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் வேறு யாருக்காவது ஒதுக்கிவிடும் என்பதால் பொம்மையை முறைப்படி அட்மிட் செய்திருந்தார்கள். கால்மாட்டில் சீட்டு தொங்கியது: பக்கிரி டெமோ, வயது 45, ஆண், வயிற்று வலி. பதின்மூன்று மாதமாக உள்நோயாளி.

"பொம்மையத் தூக்கிக் கீழ வையுங்க" என்றேன்.

நர்ஸ் பதறிவிட்டாள். டிஸ்சார்ஜ் ஆகாத நோயாளியைக் கீழே வைத்தால் அவளுக்கு வேலை போய்விடும். சரி, டிஸ்சார்ஜ் பண்ணுங்கள் என்றேன். அது பத்தே நிமிஷத்தில் முடிந்தது. ஆண் என்பதால் கேள்வி குறைவு. "உடல்நிலை நன்று, வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்" என்று பிரிண்ட் வந்தது. இரண்டு ஆட்கள் பக்கிரி டெமோவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, காலுக்குப் போர்வை போர்த்தி, மரியாதையாக லிஃப்டுக்குத் தள்ளிப்போனார்கள். அம்மா ஏழாம் நம்பருக்கு வந்தாள். அப்போது மணி பன்னிரண்டு.

பக்தவத்சலம் ஒரு மணிக்கு வந்தார். தர மேம்பாட்டுத் தலைவர். கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் யாரையும் நோகடிக்காத சிரிப்பு. நான் தமிழன் என்றதும் மனிதர் குளிர்ந்துபோனார்.

"சார் எந்த ஊரு? நமக்கு வேலூர். ஒண்ணும் கவலப்படாதீங்க, நீங்க சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. நம்ம ஆஸ்பத்திரியில இந்த மெஷின்ல இதுவரைக்கும் ஒரு தப்பான ரிப்போர்ட்டு வந்ததில்ல. ஏன் சொல்லுங்க?"

"ஏன்?"

"எடுக்கறதே ரொம்ப கம்மி சார். படுக்கைப் பக்கத்துலயே ரெண்டு நிமிஷத்துல ஸ்கேன்னு நாங்க ஒரு கட்டுரையே போட்டோம். நாலு விருது வந்துச்சு. அந்தப் பேர ரிஸ்க் எடுக்க முடியுமா? இன்னொரு ஆஸ்பத்திரியில, பேரு வேணாம், ஸ்கேனுக்கு முன்னாடி நிரப்பற ஃபார்ம்ல ஒரு கட்டம் விட்டுப்போச்சு. கவர்மென்ட்லேர்ந்து வந்து மெஷினுக்கு சீல் வெச்சுட்டாங்க. பேஷன்ட் பொழச்சுக்கிட்டாரு, அது வேற விஷயம். மெஷின் போயிடுச்சே சார்!"

சபீனா குறுக்கே வந்தார். "சார், அந்த ஃபார்ம் கர்ப்பிணிகளுக்கு உள்ளது. இவ்வொளுக்கு ஐம்பத்தாறு வயசு. கர்ப்பப்பையே கிடையாது. சட்டம் இவ்வொள கேக்கவே இல்ல."

"டாக்டர், சட்டம் கேக்கறது மினிமம். நாம கொடுக்கறது மாக்ஸிமம். அதனாலதான் நாம ஆறு நட்சத்திரம். பெண் பேஷன்ட்னா ஃபார்ம் உண்டு. நான் என் சம்சாரத்தையே கொண்டாந்தாலும் உண்டு."

அப்புறம் அவர் என்னைக் கம்ப்யூட்டர் பக்கம் அழைத்துப்போனார். திரையைத் திருப்பிக் காட்டினார். 

அந்தத் திரையை எனக்குத் தெரியும். அந்தப் பச்சைப் பொத்தானைத் தெரியும். அதைப் பதினாலு மாதம் பார்த்தவன் நான். இப்போது இரண்டாவது விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய நிரலில் குறை கண்டுபிடிப்பது என் தொழில். 2010-ல் என் பழைய கம்பெனியில், பல கிளைகள் உள்ள ஒரு மருத்துவமனைக்காகச் செய்த சாஃப்ட்வேர் இது. டெஸ்டிங் குழுவுக்கு நான் லீட். என் கீழே ப்ரியா என்று ஈரோட்டுப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். அவள் ஒரு நாள் வந்து, "சார், பெண்ணுன்னு போட்டா எல்லாத்துக்குமே எத்தன வாரக் கர்ப்பம்னு கேக்குதுங்க. எழுபது வயசுன்னு போட்டாலும் கேக்குதுங்க. ஒண்ணுலேர்ந்து நாப்பத்திரண்டு வரைக்கும் நம்பர் போட்டாத்தான் விடுதுங்க. கர்ப்பம் இல்லைன்னு சொல்ல வழியே இல்லீங்க" என்றாள். டிஃபெக்ட் என்று பதிவும் செய்தாள்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ். திறந்த டிஃபெக்ட் நாற்பத்தொன்று இருந்தது. மத்தியானத்துக்குள் பூஜ்யம் ஆக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாக மூடினேன். ப்ரியாவினுடையதில், "நடைமுறையில் வராது. மூடுக" என்று எழுதினேன். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சாயங்காலம் கேக் வெட்டினோம். கேக்கின் மேல் க்ரீமில் ஒரு பெரிய பூஜ்யம். எனக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள். அது இன்றைக்கும் வீட்டில் டி.வி. மேல் இருக்கிறது. அம்மாதான் வாராவாரம் துடைப்பாள்.

இப்போது அந்தக் கட்டம் சிவப்பாக மின்னிக்கொண்டு என்னைக் கேட்டது: எத்தனை வாரம்?

"கர்ப்பப்பை எடுத்தாச்சுன்னு போட எடம் இல்லியா?" என்று தெரிந்தே கேட்டேன்.

"இல்ல சார். ஆனா அதுக்கும் வழி வெச்சிருக்கோம். அந்த ஆப்பரேஷனோட ஒரிஜினல் பேப்பர் குடுத்தா கமிட்டில வெச்சு விலக்கு குடுப்போம்."

ரயில்வே ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டேன். ஆவணக் காப்பறையில் ஒருவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, பத்து வருஷத்துக்கு மேலானதை எல்லாம் எரித்துவிட்டோம் என்றார். எரித்ததற்குச் சான்றிதழ் வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள், தருகிறோம் என்றார்.

"தழும்பு இருக்கே!" என்று சபீனா கத்தினார். "சார், ஸ்கேன் வெச்சாலே கர்ப்பப்பை இல்லன்னு தெரிஞ்சிருமே."

"வைங்க டாக்டர், யாரு வேணாம்னா? ஃபார்ம முடிச்சுட்டு வைங்க."

வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். தாராளமாகப் போகலாம் என்றார் பக்தவத்சலம். டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன நோய் என்று எழுத வேண்டும், அதுவும் கட்டாயக் கட்டம். நோய் என்னவென்று ஸ்கேன் எடுத்தால்தானே தெரியும்? சீட்டு இல்லாமல் போனால் இன்ஷூரன்ஸ் வராது, ஆம்புலன்சும் வராது. அவர் சொல்வதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் கண்டுபிடித்தவளின் வாயையே அடைத்தவன் நான்.

அடுத்து நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. நான் மெஷின் பீரோவை உடைக்கவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. நான் புகார் டிக்கெட் போட்டேன். பழைய கம்பெனியின் உதவி மையத்துக்கு, அவசரம் என்று தலைப்பிட்டு, எந்தத் திரை, எந்தக் கட்டம், எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று அழகாக எழுதி, திரையைப் படம் எடுத்து இணைத்து அனுப்பினேன். பத்து வருஷமாக எந்தக் கஷ்டத்துக்கும் கை தன்னால் அதைத்தான் செய்யும். நானும் எல்லாம் முறைப்படி நடந்தால் சரியாகும் என்று நம்பியவன்தானே!

உதவி மையத்திலிருந்து ஒரு பையன் பேசினான். எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று கேட்டான். ஒருவருக்கு, என் அம்மாவுக்கு என்றேன். ஒருவர் என்றால் மூன்றாம் நிலை அவசரம்தான் சார் என்றான். கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "சார், இது பழைய டிஃபெக்ட். 2010-லயே மூடியிருக்கு. மூடினது சுனில்னு ஒருத்தர். அவர்கிட்ட அப்ரூவல் வாங்க முடியுமா?" என்று கேட்டான்.

நான்தான் அந்தச் சுனில் என்றேன். வெரிஃபை பண்ண ஒரு மெயில் அனுப்புங்கள் என்றான். அனுப்பினேன். அக்டோபர் ரிலீஸில் சேர்ப்போம் என்று பதில் வந்தது. இதில் ஒன்றே முக்கால் மணி நேரம் போயிற்று.

மூன்று மணிக்கு அம்மாவிடம் போனேன். முகம் வெளிறி, உதடு காய்ந்திருந்தது. நெற்றியில் வியர்வை. ஆனால் என்னைப் பார்த்து, "வலி கொறஞ்ச மாரி இருக்குடா" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. சபீனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் செத்திருந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்தார், நாடியைப் பிடித்தார், என்னை வெளியே இழுத்துப் போனார்.

"இந்த நேரத்துல வலி கொறையப்படாது. குடலுக்கு ரத்தம் நின்னு போச்சுன்னாதான் கொறையும். ஏதாவது செய்யுங்க. பொய்யாவது சொல்லுங்க."

"பொய்த் தகவல் கொடுத்தா தண்டனைன்னு..."

"அல்லாவே, அத நான் பாத்துக்கிடுதேன்!"

அம்மாவுக்குக் காது மட்டும் எப்போதும் கூர்மை. ஏழாம் நம்பரிலிருந்து குரல் வந்தது. "என்னடா கேக்குது அந்தப் பொட்டி?"

சொன்னேன். எத்தனை வாரக் கர்ப்பம் என்று கேட்கிறது, நம்பர் போடாமல் விடாது என்று சொன்னேன். அந்தப் பெட்டியைச் சோதித்தவன் நான்தான் என்பதைச் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். சிரிக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. சிரிக்கும்போது மூக்குக் குழாய் ஆடியது.

"போடுறா. வயித்தப் பாத்தா எட்டு மாசம் இருக்கும். எட்டு மாசம்னே போடு. உங்கப்பா இருந்தா காலனி பூரா லட்டு குடுத்திருப்பாரு."

முப்பத்திரண்டு வாரம் என்று அடித்தேன். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. பக்தவத்சலம் என் தோளில் தட்டி, "பாத்தீங்களா சார், ஒத்துழைப்பு இருந்தா எல்லாம் ஸ்மூத்தா போகும்" என்றார். அவர் பொய் என்று நினைக்கவேயில்லை. திரையில் இருந்தது அவருக்கு உண்மை. உறுதிமொழியை அம்மாவிடம் நீட்டினார்கள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என உறுதி கூறுகிறேன். அம்மா கையெழுத்துப் போட்டாள்.

"நான் அறிய விரும்புறேனே" என்றாள் சபீனாவிடம். "பொண்ணுதான். லூர்துமேரின்னு பேரு. அப்பவே எடுத்து வெச்ச பேரு."

இரண்டாவது பூட்டு திறந்தது. இர்பான் மாலையை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டுச் சங்கிலியை அவிழ்த்தார். மூன்று நாற்பதுக்குச் சபீனா அம்மாவின் வயிற்றில் களிம்பைத் தடவிக் கருவியை வைத்தார். இரண்டு நிமிஷம் என்று சொல்லியிருந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

திரையில் கறுப்புக் குழாய்களாகத் தெரிந்தது. ஒன்றைச் சுட்டிக்காட்டினார். "இதான் குடல். ரெண்டரை சென்டிமீட்டருக்கு மேல போகப்படாது. இது நாலு. காலையில வெச்சிருந்தா உள்ள இருக்கது முன்னுக்கும் பின்னுக்கும் அலமோதிக்கிட்டு இருந்திருக்கும். இப்ப பாருங்க." பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. குடலைச் சுற்றி வெளியே தண்ணீர் நின்றது. சபீனா கருவியை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படம் இருந்ததால் சர்ஜன் உடனே வந்தார். ஐந்து மணிக்குத் திறந்தார்கள். அந்தப் பழைய தழும்புக்கு நேர் கீழே குடல் ஒட்டி முறுக்கி, இரண்டரை அடிக்குக் கறுத்துப் போயிருந்தது. வெட்டி எடுத்தார்கள். காலையிலேயே வந்திருந்தால் ஒட்டை மட்டும் அறுத்துவிட்டு மூடியிருக்கலாம் என்றார் சர்ஜன். காலையிலேயேதான் வந்தோம் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது. புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு அம்மா போய்விட்டாள். கண் திறக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. லட்டுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

ஒரு மணிக்கு உடலைத் தருவார்கள் என்றார்கள். இரண்டு ஆயிற்று, தரவில்லை. பக்தவத்சலம் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப வருத்தம் சார். ஆனா ஒரு விஷயம் உங்களுக்கு ஆறுதலா இருக்கும். அம்மாவோட ஃபைல்ல ஒரு கட்டம்கூட விட்டுப்போகல. இந்த வருஷத்துலயே அதான் முழுமையான ஃபைல். அடுத்த ஆய்வுக்கு அதத்தான் மாதிரியா காட்டப்போறோம்." என் கையை விட்டார். "கடைசியா ஒண்ணே ஒண்ணு மட்டும் நிக்குது. டெத் சம்மரி பிரிண்ட் ஆகமாட்டேங்குது. கர்ப்பம் திறந்தே இருக்கு சார். முடிவு என்னன்னு போட்டாத்தான் மூடும்."

மறுபடியும் அந்தத் திரை. பிரசவ முடிவு: ஆண், பெண். இரண்டே பொத்தான். மூன்றாவதாக ஒன்று இருந்தது, கருச்சிதைவு. அதை அமுக்கினால் விசாரணைக்கு ஆள் வருவார்கள், உடலைத் தர வாரம் ஆகும் என்று பக்தவத்சலம் மெதுவாகச் சொன்னார். திரையின் தலைமாட்டில் அதே வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. கேட்காதீர்கள், நாங்கள் சொல்லமாட்டோம்.

"ஏதாவது ஒண்ணு போடுங்க சார், ஃபார்மாலிட்டிதான்."

பெண் என்று அமுக்கினேன். பெயர் கேட்டது. லூர்துமேரி என்று அடித்தேன். எடை கேட்டது.  இர்பான் பக்கத்தில் வந்து நின்று, தன் தங்கை குழந்தைக்கு எட்டு மாசத்தில் ஒன்றே முக்கால் கிலோ இருந்தது என்றார். அதையே போட்டேன். பச்சை வந்தது.

இரண்டு தாள் பிரிண்ட் ஆனது. முதல் தாள் அம்மாவுடையது. இரண்டாவதில், "லூர்துமேரி, பெண், வயது 0. உடல்நிலை நன்று, வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்" என்று இருந்தது.

பின்வாசலில் வண்டி நின்றது. அம்மாவை ஏற்றிவிட்டு நானும் உள்ளே உட்கார்ந்தேன். கேட்டில் காவலாளி தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடியும் தாள்களைப் பார்த்தார். வயதானவர், கடமை தவறாதவர். இரண்டு பேர் வெளியே போவதாகத் தாள் சொல்கிறது, ஒருவர்தான் இருக்கிறார்.

"பேபி எக்கட சார்?" என்றார்.

"அம்மாகிட்ட இருக்கு" என்றேன்.

அவர் நோட்டில் இரண்டு என்று எழுதிவிட்டுக் கேட்டைத் திறந்தார்.